நாளைக்கும் வர மனசு இருக்க வேண்டும்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் ஆறாவது மாடியில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் மின்தூக்கி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். விடிகாலை ஐந்து மணி. நான் சைக்கிளோடு இறங்கி வருகிறேன். அவர் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். “அண்ணே, தினமும் இந்த நேரத்துக்கு எப்படிண்ணே எழுந்திரிக்கிறீங்க? அந்த மோட்டிவேஷன் எங்கேர்ந்து வருது?” என்று கேட்டார். அவருக்கும் நெடுந்தூர டிரையத்லான் செய்து பார்க்க ஆசை. தேசிய சேவை முடித்தவர், 2.4 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் ஓடுகிறவர். மின்தூக்கி வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் அவருக்காகவும், அவரைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. நீரிலிருந்து ஏறிச் சைக்கிளுக்கு மாறும் நேரமும், சைக்கிளிலிருந்து இறங்கிக் காலணி மாற்றும் நேரமும்கூடக் கணக்கில் சேரும். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட வகையில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நெடுந்தூரம் என்பது அதற்கும் மேலே. பாதித் தூரப் போட்டியில் 1.9, 90, 21.1 கிலோமீட்டர். முழுத் தூரத்தில் 3.8, 180, அப்புறம் ஒரு முழு மாரத்தான், 42.2 கிலோமீட்டர். நம் தீவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். 180 என்றால் மூன்றரை முறைக்கு மேல் தீவைக் குறுக்கே கடக்கிற தூரம். அதை மிதித்து முடித்த பிறகுதான் மாரத்தான் தொடங்குகிறது. பெரும்பாலான முழுத் தூரப் போட்டிகளில் இதற்கெல்லாம் சேர்த்து 17 மணி நேரம் தருவார்கள்.

இது தொடங்கியது ஹவாயில், 1978 பிப்ரவரி 18 அன்று. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும், ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்தார்கள். 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1982-ல், ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி முன்னணியில் வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சில அடி முன்னால் கால் மடங்கி விழுந்தார். இன்னொரு பெண் அவரைத் தாண்டிப் போய் முதலிடம் பிடிக்க, இவர் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் உலகத்தில் பலருக்கும் இந்த விளையாட்டு தெரிய வந்தது.

எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஊக்கம் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இழுத்துக்கொண்டு போவதுதான் பயிற்சி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவழ்ந்தது போட்டி நாளின் கடைசிச் சில நிமிடங்கள். பயிற்சியோ பல மாதம், பலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். அத்தனை நாளும் பல்லைக் கடிக்க யாராலும் முடியாது. நான் சொல்ல வருவது இதுதான்: நெடுந்தூரப் பயிற்சியில் ஊக்கமும் வேகமும் ஒரே முடிச்சு. இன்றைக்கு அளவோடு செய்தால் நாளைக்கும் வர மனசு இருக்கும். அந்த மனசைத்தான் நாம் ஊக்கம் என்கிறோம்.

சிங்கப்பூரில் வளர்ந்த ஆண்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நமக்கு ஓட்டம் என்றாலே 2.4 கிலோமீட்டர்தான். உடல்தேர்ச்சிச் சோதனைக்காக மூச்சு முட்ட ஓடி, முடிந்ததும் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றால்தான் ஓடியதாக நம்புகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு ஓட்டத்தையும் சோதனையாகவே ஓடினேன். முன்னங்கால் எலும்பில் வலி வந்தது. அது போனது, ஆனால் இரவு படுக்கும்போது “காலையில் மழை பெய்யாதா” என்று வேண்டிக்கொண்டு படுக்க ஆரம்பித்திருந்தேன். அந்த வேண்டுதல்தான் உண்மையான அறிகுறி. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். தாங்க முடியாத அளவைத் தினமும் கேட்டதால் உடம்பு காட்டிய மறுப்பு அது என்று பிறகுதான் புரிந்தது.

மெதுவாகப் போவதில் அப்படி என்ன இருக்கிறது? உடம்பில் எரிபொருள் இரண்டு வகை. ஒன்று சர்க்கரை, தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும். சராசரி மனிதருக்கு 400 முதல் 500 கிராம், ஏறக்குறைய 2,000 கலோரி. இன்னொன்று கொழுப்பு, ஒல்லியான ஆளிடம்கூடப் பல நாளைக்குப் போதுமான அளவு இருக்கும். வேகமாகப் போகப் போக உடம்பு சர்க்கரையை அதிகம் கேட்கும், மெதுவாகப் போனால் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கும். முழுத் தூரத்தை முடிக்க 7,000 கலோரிக்கு மேலேயே செலவாகிவிடும். 2,000 கலோரிச் சர்க்கரையை வைத்துக்கொண்டு அதைச் சமாளிக்க வேண்டுமென்றால் கொழுப்பை எரிக்கத் தெரிந்த உடம்பு வேண்டும். அது மெதுவான, நீளமான பயிற்சியில்தான் அதிகம் வளரும். தசைக்குள் ஆற்றல் செய்யும் மைட்டோகாண்ட்ரியா பெருகும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் புதிதாகக் கிளைக்கும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடும். இவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கிற வேலைகள். மூச்சிரைப்பைக் கூட்டி அவசரப்படுத்த முடியாது.

அதனால்தான் உலகத்தின் முதல் நிலை வீரர்களே பயிற்சியில் பெரும் பகுதியைச் சுலபமான வேகத்தில் செய்கிறார்கள். ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் பல விளையாட்டுகளின் வீரர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு, பத்துப் பயிற்சியில் எட்டு லேசாக, இரண்டு கடினமாக என்பது. இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரமும் நெஞ்சுப் பட்டையும் இல்லாதவர்கள் லேசான வேகத்தைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டே அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். பேச்சின் நடுவில் “ஏன்டா மூச்சு வாங்குது?” என்று அவர் கேட்டுவிட்டால் வேகம் அதிகம். கேட்கவில்லை என்றால் சரி. 2.4-ஐப் பத்து நிமிடத்துக்குள் ஓடுகிற அந்தத் தம்பிக்கு இந்த வேகம் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், ஏழு நிமிடம்கூட வரலாம். கூச்சமாகத்தான் இருக்கும். பூங்காவில் பெரியவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும்.

நம் ஊர் வெயில் இதை இன்னும் கட்டாயமாக்குகிறது. இங்கே வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் ஆளை அடிக்கும். வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, அது காற்றில் உலர்ந்தால்தான் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை சொட்டி வீணாகும். சூட்டை வெளியேற்ற இதயம் ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பும், தசைக்குப் போகும் பங்கு குறையும், அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறும். அதனால் குளிர்நாட்டில் எழுதிய பயிற்சித் திட்டத்தில் உள்ள வேகத்தை அப்படியே இங்கே பின்பற்றாதீர்கள். உடம்பு படும் பாட்டை வைத்து அளந்துகொள்ளுங்கள். நமக்கு ஒரு வசதியும் உண்டு. 1982-ல் நம் கடிகாரத்தை முன்னால் நகர்த்தியதால் இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுகிறது. ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் இருட்டும் குளுமையும் உங்களுக்கே. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், மூன்றும் சாலையில் கட்டாயம். கூட்டமாக ஓட்டினால் ஒற்றை வரிசையில் ஐந்து சைக்கிள், இரட்டை வரிசையில் பத்து, அதற்கு மேல் கூடாது என்பது 2022 முதல் விதி. பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால் நீண்ட பயிற்சிக்கு விடிகாலைச் சாலைதான் உதவும்.

சரி, வாரத்துக்கு எவ்வளவு? புதியவர் எட்டு மணி நேரத்தில் தொடங்கலாம். நீச்சல் இரண்டு, சைக்கிள் மூன்று, ஓட்டம் மூன்று. சனிக்கிழமை நீண்ட சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துவிடுங்கள். உடம்பு பலமாவது ஓய்வில்தான். பயிற்சி அதற்குச் சொல்லி அனுப்புகிறது, அவ்வளவே. முழுத் தூரம் நெருங்கும் மாதங்களில் 12 முதல் 15 மணி நேரம் வரை போகும். போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு மறுபடி குறைக்க வேண்டும். முதல் வருடம் குறுந்தூரப் போட்டி ஒன்று, அடுத்து பாதித் தூரம், அப்புறம்தான் முழுத் தூரம். இந்த வரிசையை யாருக்காகவும் நான் மாற்றிச் சொன்னதில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கடலில் துணையில்லாமல் இறங்காதீர்கள். நீச்சல்குளத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோடு கடலில் இருக்காது, ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்தித் திசை பார்க்கப் பழக வேண்டும்.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடும் பயிற்சிக்கு ‘பிரிக்’ என்று பெயர். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். மூன்று மணி நேரம் மிதித்துவிட்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இறங்குகிறேன். கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளை வெள்ளையாய்க் கோடு போட்டிருக்கிறது. நீட்டினால் நீளும் ரப்பர் நாடா போட்ட காலணிக்குள் காலை நுழைத்து ஓட ஆரம்பித்தால், கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். தொடை இன்னும் வட்டமாகச் சுற்றத்தான் பார்க்கும். இடுப்பு நிமிராது. வேகமே இல்லை என்று தோன்றும், ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் தேவைக்கு மேல் வேகமாக ஓடிக்கொண்டிருப்பேன். பத்து நிமிடம் பொறுத்தால் கால் நம்முடையதாகிவிடும். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் இப்படி ஓடிப் பழகியவர், போட்டியில் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டார். நம்பிக்கை என்பது பெரும்பாலும் இதுதான், முன்பே பார்த்த இடத்துக்கு மறுபடி வருவது.

சாப்பாடும் பயிற்சியின் பகுதிதான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பழகியவர்கள் 90 வரை போவார்கள். நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம், ஜெல் பாக்கெட் ஒன்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. வயிறு இதை உடனே ஏற்காது, மாதக்கணக்கில் பழக்க வேண்டும். முந்தைய இரவு எனக்குத் தயிர் சாதம்தான் ஒத்துப்போகிறது; காரக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போன நாள்களை மறக்க முடியாது. தண்ணீருக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். பயந்துபோய் வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே உலை வைக்கும். உப்பும் சேர வேண்டும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எப்படி எழுந்திரிக்கிறேன்?

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களைப் பாருங்கள். பல வாரம் விரதம் இருப்பார்கள். அந்த வாரங்களில் யாராவது தேக்கா சந்தையில் பிரியாணி வாங்கித் தரட்டுமா என்று கேட்டால், “இல்லப்பா, விரதம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இன்றைக்கு விரதம் இருப்பதா வேண்டாமா என்று தினமும் தங்களுக்குள் வாதாடுவதில்லை. முடிவு ஒருமுறை எடுத்தாகிவிட்டது. நான் பயிற்சியை அப்படித்தான் வைத்திருக்கிறேன். அலாரம் அடிக்கும்போது “எழுந்திரிக்கலாமா” என்று கேட்டால் பதில் எப்போதும் “வேண்டாம்” தான்; அந்த நேரத்து மூளையிடம் அந்தக் கேள்வியையே விடக்கூடாது. அதற்காக ராத்திரியே சட்டை, காலணி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கதவருகே போய்விடும், டயரில் காற்று அடித்தாகிவிடும்.

இதற்கு உளவியலிலும் பெயர் உண்டு. பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஆய்வாளர், ‘இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்கிறவர்கள் எண்ணியதைக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். உலகத்தில் மின்னல் மிக அதிகமாக அடிக்கும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. குளத்தில் பாதி நீச்சலில் இருக்கும்போது விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள். அதனால் எனக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: விசில் ஊதினால் வீட்டுக்குப் போய் ரப்பர் பட்டையில் இருபது நிமிடம் கைப் பயிற்சி. அன்றைக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

அலுவலகம் முடிந்து மாலையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2009-ல் சாமுவேலே மார்கோராவும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை 90 நிமிடம் கணினி முன் உட்கார வைத்துக் கவனத்தைப் பிழியும் வேலை கொடுத்து, பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு அமைதியான ஆவணப்படம் காட்டிவிட்டு மிதிக்கச் சொன்னார்கள். மூளை களைத்த நாளில் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. சிரமம் மட்டும் அதிகமாகத் தோன்றியது. ஆகவே நாள் முழுக்கக் கூட்டங்களில் உட்கார்ந்துவிட்டு வந்து ஓட்டம் கசந்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். கடினமான பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள், மாலையில் லேசானதை வையுங்கள்.

ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும் என்பார்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும்: நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, எனக்கு இது வருகிறது என்ற உணர்வு, கூட ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மூன்றாவதுதான் நம் ஆட்கள் மறந்துவிடுவது. குடும்பத்தைக் கேட்காமல் போட்டிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். நான் மலேசியாவின் லங்காவித் தீவில் முழுத் தூரம் செய்வதற்கு எட்டு மாதம் முன்பே மனைவியோடு உட்கார்ந்து நாள்காட்டியைப் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்குப் பசியாற வீட்ல இருக்கணும். முடியுமா?” முடியும் என்றேன். எட்டு மாதமும் இருந்தேன். அதற்காக நான்கரைக்கு எழுந்த நாள்கள் உண்டு, ஆனால் ஒரு நாளும் யாரிடமிருந்தும் நேரத்தைத் திருடுகிற குற்ற உணர்வோடு ஓடியதில்லை. லங்காவியில் ஓட்டத்தின் 30-ஆவது கிலோமீட்டரில், கால் நின்றுவிடு என்று சொன்னபோது, நான் பிடித்துக்கொண்டது அந்த எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை. அடுத்த தண்ணீர் மேசை வரை, அப்புறம் அதற்கு அடுத்தது வரை. மீதித் தூரத்தை அப்படித்தான் கடந்தேன்.

மனசே வராத நாள்களும் உண்டு. அப்போது பதினைந்து நிமிடம் மட்டும் செய்வேன். பெரும்பாலும் அதற்குள் உடம்பு இளகிவிடும். இளகவில்லை என்றால் திரும்பிவிடுவேன், அது சோம்பல் இல்லை, களைப்பு. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏறியிருப்பது, தூக்கம் கெடுவது, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவது, இதெல்லாம் சேர்ந்து சில நாள் தொடர்ந்தால் ஒரு வாரம் ஓய்வு எடுங்கள். தவறிய பயிற்சியை மறுநாள் சேர்த்துச் செய்யாதீர்கள். போனது போனதுதான்.

போன சனிக்கிழமை தம்பியை ஆறு மணிக்குப் பெடோக் படகுத்துறைப் பக்கம் வரச் சொன்னேன். வந்தார். பேசிக்கொண்டே ஓடினோம், அவர் வேலையைப் பற்றி, தங்கச்சி கல்யாணத்தைப் பற்றி. இருபது நிமிடம் ஆனதும் திரும்பலாம் என்றேன். “அதுக்குள்ளயா? இன்னும் நல்லா ஓடலாமேண்ணே” என்றார். செவ்வாய்க்கிழமை ஓடலாம் என்று சொல்லித் திரும்பி ஓட ஆரம்பித்தேன். திங்கள் இரவே செய்தி வந்துவிட்டது: “அண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்கு?”